செம்புக் காசை எண்ணும் கணக்கு

வைகைக் கரைக் காசுகள் – 12

புதுக்கோட்டைச் சீமையில் 1898ல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். பேரரசர்களின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்போடு அவற்றில் பெரும்பாலானவை லண்டன் போய்ச் சேர்ந்த கதை அது. பொன் எப்போதும் பெரிய இடத்துச் சேதியைத்தான் சொல்லும். கப்பல் முதலாளி, அரண்மனை, மிளகும் முத்தும் மொத்தமாகக் கைமாறிய வணிகம் என்று அதன் உலகம் உயரத்திலேயே நிற்கும். இந்த வாரம் நாம் கீழே இறங்கி, கடைத்தெருவில் கைமாறிய செம்புக் காசிடம் போகிறோம்.

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில், சமணத் துறவியர் தங்கிய குகைத்தளத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடை கொடுத்தவர்களின் பட்டியல் அது. உப்பு வணிகர் வருகிறார், அறுவை வணிகர் வருகிறார், கொழு விற்பவர் வருகிறார், மதுரைப் பொற்கொல்லர் ஒருவரும் வருகிறார். உப்பும் துணியும் இரும்பும் விற்ற இவர்கள் நாளெல்லாம் பொற்காசையா எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்? பண்டமாற்றுக்கும் பொன்னுக்கும் நடுவில் ஒரு சில்லறை உலகம் இருந்தது. அது எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. பாண்டியன் செம்புக் காசு அடித்தான் என்று தெரியும். எவ்வளவு அடித்தான்? ஆயிரமா, லட்சமா, கோடியா?

இது எண்ணிக்கை ஆசையால் எழும் கேள்வி அல்ல. ஆயிரம் காசு அடித்திருந்தால் அது அரசன் தன் பெயரைப் பொறித்துப் பார்த்துக்கொண்ட பெருமை. பத்து லட்சம் அடித்திருந்தால், தெருவில் போகிற மனிதர் காசு கொடுத்து எண்ணெய் வாங்கிய நகரம் அது. இரண்டும் ஒரே மதுரை அல்ல. எழுதிவைத்த அக்கசாலைக் கணக்கு எதுவும் சங்க காலத்திலிருந்து நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் கணக்கு காசிலேயே இருக்கிறது. அதைப் படிக்கும் முறையைக் கிரேக்கக் காசுகளை ஆராய்ந்தவர்கள் படிப்படியாக உருவாக்கினார்கள். அந்த முறையை வைகைக் கரைக்குக் கொண்டுவந்தால் என்னென்ன தெரியும் என்பதே இந்த அத்தியாயம்.

ஆற்று மணலில் கிடைத்தவை

மதுரையில் பழங்காசு தேடிய முதல் தலைமுறை 19ம் நூற்றாண்டுக்காரர்கள். சர் வால்டர் எலியட் தென்னிந்தியக் காசுகளைப் பற்றிய தம் நூலை 1880களில் வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரியார் ஜேம்ஸ் டிரேசி, பாண்டியர் காசுகளைத் திரட்டி, மதராஸ் இலக்கிய அறிவியல் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார். பின்னர் 1904ல் ராபர்ட் சூவெல், இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளை எல்லாம் ஒரே பட்டியலில் தொகுத்தார். மற்ற ஊர்களில் பொன்னும் வெள்ளியும் பானைப் பானையாகப் புதையலில் கிடைக்க, மதுரையில் மட்டும் சின்னஞ்சிறு செம்புக் காசுகள் ஆற்று மணலிலும் ஊருக்குள்ளும் சிதறிச் சிதறிக் கிடைப்பதைச் சூவெல் கவனித்தார். புதையல் என்பது ஒருவர் ஒளித்துவைத்த சேமிப்பு. சிதறிக் கிடப்பது பலர் தொலைத்த சில்லறை. ஆகவே ரோமானியர் சிலர் மதுரையிலேயே தங்கி வாழ்ந்திருக்கலாம் என்று அவர் கருதினார். அந்தக் கருத்துக்கு இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் திரும்பி வருவோம்.

இரண்டாவது தலைமுறைக்கு ஒரே பெயர் சொன்னால் போதும்: இரா. கிருஷ்ணமூர்த்தி. தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்துகொண்டே, ஆற்றுப் படுகைகளிலிருந்து வணிகர் கைக்கு வந்த காசுகளைப் பொறுமையாகத் திரட்டியவர். சங்க காலத் தமிழ் மன்னர்கள் தமக்கெனக் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் அதுவரை நீங்கவில்லை. 1980களின் நடுவில் அவர் அறிவித்த, பெருவழுதி என்ற பாண்டியன் பெயர் பொறித்த சதுரச் செம்புக் காசு அந்த ஐயத்தைத் தீர்த்தது. 1987ல் பெருவழுதி நாணயங்களுக்கென்றே தனி நூல் வந்தது. 1997ல் சங்க காலத் தமிழ்க் காசுகள் பற்றிய ஆங்கில நூல் வந்தது. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செம்புக் காசுகளுக்கு 1994ல் ஒரு நூல், கரூரில் கிடைத்த ரோமானியமல்லாத அயல்நாட்டுக் காசுகளுக்கு 2000ல் ஒரு நூல். 2021ல் அவர் மறைந்தார். தமிழக நாணயவியலில் இன்று யார் எழுதினாலும் அவர் போட்ட தளத்தின் மேல்தான் நின்று எழுதுகிறார்கள்.

அந்தப் பெருவழுதிக் காசைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சதுரமான செம்புத் துண்டு. முன்பக்கம் இடப்புறம் பார்த்து நிற்கும் குதிரை. குதிரைக்கு மேலே தமிழ் பிராமியில் பெருவழுதி என்ற ஐந்தெழுத்துப் பெயர். குதிரையின் முன்னால் தொட்டியும் அதற்குள் ஆமைகளும். பின்பக்கம் சில கோடுகளாலேயே வரைந்த மீன். ஒரு கட்டைவிரல் நகம் அளவுப் பரப்பில் அரசன் பெயர், வேள்விக்குரிய குதிரை, குலச்சின்னம் மூன்றையும் அடக்கிய அச்சுக்காரர் கைதேர்ந்தவர். இந்தக் காசை 'பெருவழுதி வகை' என்று பட்டியலில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை அச்சுகள் இருக்கின்றன என்று கேட்டால்தான் அடுத்த கதவு திறக்கும்.

ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு முகம்

பழங்காசு அடிக்க இரண்டு அச்சு வேண்டும். ஒன்று பட்டறைக் கல்லிலோ மரக்கட்டையிலோ பதித்த கீழச்சு. மற்றது கையில் பிடிக்கும் மேலச்சு. நடுவில் உலோகத் துண்டை வைத்து, மேலச்சின் தலையில் சம்மட்டியால் அடித்தால் இரண்டு பக்கமும் ஒரே அடியில் பதியும். அடியை நேராக வாங்குவது மேலச்சு. அதனால் அது சீக்கிரம் தேயும், பிளக்கும். கீழச்சு அதைவிட நெடுநாள் நிற்கும். ஒரு கீழச்சு ஓய்வதற்குள் பல மேலச்சுகள் மாறியிருக்கும்.

இந்த அச்சுகளை எல்லாம் கையால் வெட்டினார்கள். ஒரே கலைஞர், ஒரே நாளில், ஒரே உருவத்தை இரண்டு அச்சில் வெட்டினாலும் இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்காது. ஒன்றில் குதிரையின் காது வகர எழுத்தின் நேர் கீழே நிற்கும், மற்றதில் சற்று விலகியிருக்கும். ஒன்றில் மீனின் செதில் கோடு நான்கு, மற்றதில் ஐந்து. அச்சில் விரிசல் விழுந்தால், அந்த விரிசல் அதற்குப் பின் அடித்த எல்லாக் காசிலும் மெல்லிய மேட்டுக்கோடாக வரும். விரிசல் வளர வளரக் கோடும் நீளும். அப்படி நீளும் கோட்டை வைத்து எந்தக் காசு முன்னால் அடித்தது, எது பின்னால் அடித்தது என்றுகூட வரிசைப்படுத்த முடியும்.

ஆகவே ஆய்வாளர் செய்வது இதுதான். ஒரே வகையைச் சேர்ந்த காசுகளின் படங்களை ஒரே அளவுக்குப் பெரிதாக்கி மேஜையில் பரப்புவார். ஒரு காசை எடுத்து மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடுவார். உருவத்தின் அழகைப் பார்ப்பதில்லை, இடைவெளிகளைப் பார்ப்பார். எழுத்துக்கும் உருவத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம், கால் குளம்பு எந்த எழுத்துக்கு நேர் என்பதெல்லாம்தான் அடையாளம். நம் சதுரக் காசுகளில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. பல காசுகளில் அச்சின் ஒரு பகுதி துண்டுக்கு வெளியே போய்விடும். ஒன்றில் எழுத்தின் பாதி இருக்கும், குதிரையின் வால் இருக்காது. இன்னொன்றில் வால் இருக்கும், எழுத்து இருக்காது. ஓர் அச்சின் முழு முகத்தைப் பார்க்கவே நாலைந்து காசு தேவைப்படும்.

பாராததை எண்ணுவது

சரி, அச்சுகளைப் பிரித்தாயிற்று. நம் கையில் 100 காசு, அவற்றில் 40 அச்சு என்று வைத்துக்கொள்வோம். அக்கசாலையில் இருந்த மொத்த அச்சும் 40தானா? கைக்கு வராத அச்சு எத்தனை?

மாட்டுத்தாவணியில் நின்று, ஒரு வழித்தடத்தில் போகும் பேருந்துகளின் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டே இருந்தால், பார்த்த எண்ணே மறுபடி மறுபடி வரும்போது அந்தத் தடத்தில் ஓடுவது சில வண்டிகள்தான் என்று புரிந்துவிடும். வருகிற ஒவ்வொன்றும் புது எண்ணாக இருந்தால் இன்னும் ஏராளமான வண்டிகள் பாக்கி இருக்கின்றன. அச்சுக் கணக்கின் அடிப்படை இவ்வளவுதான். ஒரே ஒரு காசில் மட்டும் தென்படும் அச்சுகள் எத்தனை என்பதே இதில் திறவுகோல்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் ரகசியக் குறியீடுகளை உடைத்த ஆலன் டூரிங்கும் அவருடன் பணியாற்றிய ஜாக் குட்டும் இதே சிக்கலை வேறு உருவில் சந்தித்தார்கள். கண்ணில் பட்டவற்றை வைத்து, படாதவற்றின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வழியை குட் 1953ல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு வாரன் எஸ்டி போன்ற கணித அறிஞர்கள் அதை நாணயவியலுக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

கணக்கு எளிது. 100 காசில் 40 அச்சு. அவற்றில் 15 அச்சு ஒரே ஒரு காசில் மட்டும் வருகிறது. 100ல் 15ஐக் கழித்தால் 85. அதாவது, அக்கசாலை அடித்த மொத்தக் காசில் ஏறத்தாழ 85 சதவீதம், நாம் பார்த்துவிட்ட அந்த 40 அச்சுகளிலிருந்து வந்தவை. 40ஐ 0.85ஆல் வகுத்தால் 47. எல்லா அச்சும் ஒரே அளவு உழைத்திருந்தால் மொத்தம் 47 அச்சு. சில அச்சுகள் சீக்கிரம் உடைந்திருக்கும் என்பதால் உண்மையான எண்ணிக்கை அதற்கு மேலேதான் இருக்கும்.

இப்போது இன்னொரு குவியல். இதிலும் 100 காசுதான். ஆனால் 90 அச்சு, அவற்றில் 82 ஒற்றைக் காசுகளில் மட்டும் வருகின்றன. பார்த்த அச்சுகளின் பங்கு வெறும் 18 சதவீதம். 90ஐ 0.18ஆல் வகுத்தால் 500. இரண்டு குவியலிலும் காசு 100தான். பட்டியலில் இரண்டும் ஒரே கனம்போலத் தெரியும். ஆனால் இரண்டாவது அக்கசாலை முதலாவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அச்சு வெட்டியிருக்கிறது. ஒரு வகைக் காசு இன்று எத்தனை கிடைக்கிறது என்பதை வைத்து, அன்று எவ்வளவு அடித்தார்கள் என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறான வழி என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு சரியா என்று சோதித்துப் பார்க்கவும் வரலாறு ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறது. கி.மு. 82ல் ரோமில் காசு வெளியிட்ட கிரெபூசியஸ் என்ற அதிகாரி, தம் பின்பக்க அச்சுகளுக்கு வரிசை எண் வெட்டவைத்தார். எண்கள் 500ஐத் தாண்டிப் போகின்றன. விடை காசிலேயே எழுதியிருக்கிறது. அதனால் வெவ்வேறு கணக்கு முறைகளை அந்தக் காசுகளில் ஓட்டிப் பார்த்து, எந்த முறை விடைக்கு நெருங்கி வருகிறது என்று ஆய்வாளர்களால் ஒப்பிட முடிந்தது.

அச்சிலிருந்து காசுக்கு

அச்சு எத்தனை என்பது தெரிந்த பிறகு வருவதுதான் வழுக்கும் படி. ஓர் அச்சு எத்தனை காசு அடிக்கும்?

கிரேக்கத்தின் டெல்பியில் இதற்கு அரிய சான்று உண்டு. அங்கே கோயில் நிர்வாகத்தைக் கவனித்த பல நாட்டுக் கூட்டமைப்பு, கி.மு. 336ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழைய வெள்ளிக் காசுகளை உருக்கிப் புதிய காசு அடித்தது. அதன் கணக்கைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். கணக்குக் கல்லும் இருக்கிறது, அந்தக் காசுகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிலிப் கின்ஸ், ஒரு முன்பக்க அச்சுக்கு 20 ஆயிரத்துச் சொச்சம் முதல் 40 ஆயிரத்துச் சொச்சம் வரை காசு வந்திருக்கும் என்று 1983ல் எழுதினார். டேவிட் செல்வுட் 1963ல் தாமே வெண்கல அச்சு செய்து, பழங்கால முறையில் காசு அடித்துப் பார்த்தார். ஒரு கீழச்சு பத்தாயிரத்துக்கு மேல் தாங்கும் என்று அவர் சோதனை காட்டியது. மைக்கேல் கிராஃபோர்ட் 1974ல் ரோமானியக் குடியரசின் வெள்ளிக் காசுகளுக்கு ஒரு முன்பக்க அச்சுக்கு 30,000 என்று வைத்துக் கணக்கிட்டார்.

இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக் கூடாது என்று 1990களில் உரத்துச் சொன்னவர் கேம்பிரிட்ஜ் நாணயவியலாளர் தியோடர் பட்ரி. அச்சு பத்துக் காசிலும் உடையலாம், பல்லாயிரம் காசு வரையிலும் உழைக்கலாம். பாதியில் கைவிட்ட அச்சும் உண்டு. சராசரி என்று ஓர் எண்ணைச் சொல்லிப் பெருக்கினால் கிடைப்பது வரலாறு அல்ல, ஆசை என்பது அவர் வாதத்தின் சாரம். நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 47 அச்சை 10 ஆயிரத்தால் பெருக்கினால் 4,70,000 காசு. 30 ஆயிரத்தால் பெருக்கினால் 14,10,000. மூன்று மடங்கு வித்தியாசம்.

பட்ரியின் எச்சரிக்கையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அதனால் அச்சை எண்ணும் வேலை வீணாகிவிடாது. இரண்டு அரசர்களை ஒப்பிட நமக்குப் பெருக்கல் வேண்டாம், அச்சு எண்ணிக்கையே போதும். ஒரே ஊரில், ஒரே உலோகத்தில், ஒரே அளவில் காசு அடித்த இரண்டு பாண்டியர்களில் ஒருவருக்கு 10 அச்சும் மற்றவருக்கு 100 அச்சும் இருந்தால், பிந்தியவர் ஆட்சியில் சில்லறையின் தேவை பல மடங்கு பெருகியிருந்தது என்று துணிந்து சொல்லலாம். அது 10 லட்சமா 30 லட்சமா என்பது பிறகு. பெயர் மட்டுமே தெரிந்த அரசர்களின் காலத்துப் பொருளாதாரத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல வேறு எந்தச் சான்று நம்மிடம் இருக்கிறது?

செம்பின் சிரமங்கள்

கிரேக்க வெள்ளிக் காசுகளுக்கு அச்சாய்வு நூல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெண்கலக் காசுகளுக்கு அப்படி இல்லை. காரணம் எளிது. அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் அழகான வெள்ளியைத் தேடி வாங்கினார்கள். வெண்கலம் மண்ணில் கிடந்து பச்சை பூத்து, முகம் அரித்து, விலை போகாமல் மூட்டையில் கிடந்தது. மக்களும் வெண்கலத்தைப் புதைத்துச் சேமிக்கவில்லை. அது கையில் தேய்ந்து, வீதியில் தொலைந்து, பழையதாகிப்போனால் கொல்லர் உலைக்குப் போய்விடும். அதிலும் ஒரு வகை பல ஆண்டுகள் மாறாமல் தொடர்ந்து வெளிவந்தால் எந்த அச்சு எந்த ஆண்டு என்பது குழம்பிவிடும். வெள்ளியை ஆராய்வதைவிட இரட்டிப்புப் பொறுமை கேட்கும் வேலை இது.

அந்தக் கிரேக்க வெண்கலங்களில் சில தமிழகத்துக்கும் வந்தன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த அயல்நாட்டுக் காசுகளில் செலூக்கிய அரசின் காசுகள், பினீசிய நகரங்களின் காசுகள், ரோட்ஸ், கிரீட், தெஸ்ஸலி ஆகிய கிரேக்கப் பகுதிகளின் காசுகள் எல்லாம் இருப்பதைக் கிருஷ்ணமூர்த்தி பதிவு செய்தார். ஒரு கிரேக்க நகரத்தின் செம்புச் சில்லறைக்கு அந்த நகர எல்லைக்கு வெளியே மதிப்பு கிடையாது. சேர நாட்டுச் சந்தையில் அதை யாரும் காசாக வாங்க வேண்டிய கட்டாயமில்லை. மாலுமிகளின் மடியில் மிஞ்சிய சில்லறையாக வந்திருக்கலாம். உருக்கும் செம்பாக எடை போட்டும் வந்திருக்கலாம். பிந்தைய வழி உண்மையானால், வந்தவற்றில் பெரும்பகுதி உலையில் கரைந்து சேரரின் வில் அம்புக் காசாகவே மறுபிறவி எடுத்திருக்கும். உலோகக் கலவையைச் சோதித்தால் அந்தத் தடயம் கிடைக்க வழி உண்டு.

சூவெலின் கேள்விக்கு விடை

மதுரைக்குத் திரும்புவோம். இங்கே மணலில் கிடைத்த ரோமானியச் செம்புக் காசுகள் பெரும்பாலும் கி.பி. 4, 5ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பேரரசர்கள் தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் காலத்தவை. வைகை கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய அழகன்குளத்து அகழாய்விலும் இந்தக் காலத்து ரோமானியக் காசுகள் வெளிவந்தன, அவற்றில் இரண்டாம் வாலன்டினியன் காசும் ஒன்று. ஆற்றின் முகத்துவாரத்திலும் ஆற்றங்கரைத் தலைநகரிலும் ஒரே காலத்துச் சில்லறை. வழி தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் காசு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிராம்தான் இருக்கும். ஒரு பக்கம் மணிமுடிப் பட்டை கட்டிய பேரரசர் முகம். மறுபக்கம் கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை, அல்லது நிற்கும் வீரர்கள். அடியில் எந்த ஊர் அக்கசாலை என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்து. நல்ல நிலையில் உள்ள காசில் அலெக்சாந்திரியாவா, அந்தியோக்கியாவா, கான்ஸ்டான்டிநோபிளா என்று படித்துவிடலாம். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேறொரு வகையும் கலந்து கிடைக்கிறது. முகம் வெறும் கோடாக மாறியிருக்கும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் கோடும் வரிசை கட்டும். லத்தீன் தெரியாத கை, ரோமானியக் காசைப் பார்த்துப் பார்த்து வெட்டிய அச்சு அது.

ரோமானியர் மதுரையில் தங்கியிருந்தார்களா என்ற சூவெலின் கேள்வியை இலக்கியத்தை வைத்து மட்டும் தீர்க்க முடியாது. பாண்டியனின் பாசறையிலும் மதுரைக் கோட்டையிலும் யவனர் காவல் நின்றதாகப் பழந்தமிழ் நூல்கள் பேசுகின்றன. ஆனால் அந்நூல்களின் காலமும் இந்தக் காசுகளின் காலமும் ஒன்றல்ல. அச்சு ஒப்பீடு இங்கேதான் கை கொடுக்கும். போலிக் காசுகள் இரண்டு ஒரே அச்சில் பிறந்தவை என்று தெரிந்தால், அவை ஒரே பட்டறைப் பிள்ளைகள். அப்படி ஒரே அச்சுக் காசுகள் மதுரையில் பலவாகக் கிடைத்து, அலெக்சாந்திரியாவில் ஒன்றுகூடக் கிடைக்காமல் இருந்தால், பட்டறை இங்கேயே இருந்தது. இலங்கையிலும் அதே அச்சு கிடைத்தால், பாக் நீரிணைக்கு இருபுறமும் ஒரே சில்லறை புழங்கிய பொதுச் சந்தை இருந்தது. காசு இங்கே வர ரோமானியர் குடியேற வேண்டியதில்லை, வணிகத்துக்குச் சில்லறை போதாத ஊர் தானே அதை அடித்துக்கொள்ளும் என்பதும் அப்போது நிலைபெறும்.

எனக்கு இந்த இரண்டாவது வழியே பொருத்தமாகப் படுகிறது. அயல்நாட்டுக் காசைப் போலச் செய்து அடிக்கும் அளவுக்கு ஓர் ஊரில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது என்றால், அந்த ஊரின் கடைத்தெரு காசு இல்லாமல் இயங்க முடியாத நிலைக்கு வளர்ந்துவிட்டது என்றுதான் பொருள். அதுவே மதுரைக்குப் பெருமை, ரோமானியர் குடியிருந்தார்கள் என்பதைவிடப் பெரிய பெருமை.

போடியும் கோசாம்பியும்

எண்ணிக்கையால் வரலாறு எழுதும் வேலை நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்து இப்போது தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூரில், வெள்ளி முத்திரைக் காசுகள் பெருந்திரளாகக் கிடைத்தன. அவற்றின் பின்பக்கத்தில் மீனைக் குறிக்கும் கோட்டுருவம் இருப்பதால் பாண்டியரோடு அவை சேர்த்துப் பேசப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்தவர்களில் தாமோதர் தர்மானந்த் கோசாம்பி முக்கியமானவர். அவர் கணித அறிஞர். கை மாற மாறக் காசு தேயும், தேயத் தேய எடை குறையும், ஆகவே ஒரு திரளில் உள்ள காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்தால் எது எவ்வளவு காலம் புழங்கியது என்று சொல்லலாம் என்பது அவர் வழி. தட்சசீலத் திரளில் ஆயிரத்துச் சொச்சம் காசுகளை நிறுத்து அவர் இதை மெய்ப்பித்துக் காட்டினார்.

முத்திரைக் காசில் முழு அச்சு கிடையாது. சூரியன், சக்கரம் என்று ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனி முத்திரைக் கருவி. ஆனால் பின்பக்கத்து மீன் முத்திரை ஒற்றைக் கருவியில் பதிந்தது. அதனால் அச்சை எண்ணுவது போலவே அந்த மீன் கருவிகளையும் எண்ண முடியும். கோசாம்பியின் தராசையும் அச்சாய்வாளரின் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் ஒரே மேஜையில் வைத்தால், போடி வெள்ளி இன்னும் நிறையப் பேசும்.

செய்ய வேண்டியது

இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை. தேவை ஒழுங்கு. ஒவ்வொரு காசுக்கும் இரண்டு பக்கமும் நேர் மேலிருந்து, அளவுகோலோடு ஒரு படம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் எடை. கிடைத்த இடம், கிடைத்த விதம். இந்த மூன்றும் இருந்தால் அந்தக் காசு எந்தப் பெட்டியில் இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஊமைதான்.

நடப்பதோ வேறு. மணல் அள்ளும் இடத்தில் கிடைத்த செம்புக் காசு எடைக்கு விலை போகிறது. வாங்கியவர் பளபளப்புக்காக அமிலத்தில் போட்டுத் தேய்க்கிறார். பச்சைப் படலத்தோடு சேர்ந்து குதிரையின் காதும் எழுத்தின் முனையும் போய்விடுகின்றன. அச்சு ஒப்பீட்டுக்கு வேண்டிய அடையாளங்கள் முதலில் அழிவது இங்கேதான். கிடைத்ததில் நல்லது நான்கை எடுத்துக்கொண்டு, முகம் தெரியாததை உருக்கிவிடுவதும் அதே அளவு கேடு. முகம் தெரியாத காசிலும் பாதி மீன் இருக்கும், அந்தப் பாதி மீன் ஓர் அச்சை அடையாளம் காட்டப் போதும். 10 ரூபாய் மதிப்பைத் தாண்டிய புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதால் காசு வெளியே வராது என்பதும் உண்மை. கண்டெடுத்தவருக்கு மரியாதையும் நியாயமான தொகையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை வர வேண்டும்.

கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்து பார்க்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள், புள்ளியியல் படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு துறை மாணவர்களும் ஒரு பருவம் சேர்ந்து உட்கார்ந்தால், சேகரிப்புகளில் உள்ள பாண்டியர் செம்புக் காசுகளின் அச்சுப் பட்டியல் தொடங்கிவிடும். வகைகளைப் பிரிக்கும் வேலையைக் கிருஷ்ணமூர்த்தி ஒற்றை ஆளாகவே பெருமளவு செய்துவைத்தார். அச்சுகளைப் பிரிப்பது அடுத்த தலைமுறையின் கடன். அரசர்களின் வரிசையைத் தெரிந்துகொள்ள நாம் கல்வெட்டுக்குப் போகிறோம். உப்பும் துணியும் வாங்கிய மக்களின் ஊர் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள, இந்தச் செம்பை எண்ணுவதைவிட நேரான வழி இல்லை.

அடுத்த வாரம் காலத்தில் ஒரு பெரிய தாவல். 1335 முதல் சுமார் 40 ஆண்டுகள் மதுரையை ஆண்ட சுல்தான்கள் தங்கள் காசில் ஹிஜ்ரி ஆண்டையே பொறித்தார்கள். ஆண்டு பொறித்த காசு கிடைத்தால் அச்சாய்வாளருக்கு இன்னொரு கதவு திறக்கிறது: எந்த ஆண்டில் அக்கசாலை ஓயாமல் உழைத்தது, எந்த ஆண்டில் அடங்கிப்போனது என்று பிரித்துப் பார்க்கலாம். அந்தச் சிறிய காசுகள் ஒரு குறுகிய ஆட்சியின் ஏற்ற இறக்கத்தை எப்படிக் காட்டுகின்றன என்று பார்ப்போம்.

(தொடரும்)